கராஜில் ஒரு சக்களத்தி

பதினோரு வருடம் கோழிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் காரை என் கணவர் லெஸ்லி, கவென்ட்ரி நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தார். அன்றே எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள்.

"இன்னிக்கு என் அழகிக்குக் கதவு மாட்டறேன்."

"எனக்கும்தான் இடுப்பு வலிக்குது. என்னை எப்பப் பழுது பார்க்கறதா உத்தேசம்?"

"உன் மாடலுக்கு உதிரிபாகம் வர்றதில்லை, ஹேசல்."

வண்டி வேலை முடிந்ததும் ஸ்காட்லாந்து முழுக்கச் சுற்றப் போகிறாராம். இருப்பதே இரண்டு இருக்கை. இன்னொன்றில் அவருடைய நண்பர் நார்மன்.

அதனால் தேநீர் கொண்டுபோகும் சாக்கில், எஞ்சினிலிருந்து ஏதாவது ஒரு சின்னப் பாகத்தைக் கழற்றி ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வேன். அவர் தேடுவார். கூடவே நானும் தேடுவேன். இரண்டு வருடம் அழகி கிளம்பவே இல்லை.

லெஸ்லியை அடக்கம் செய்த மறுவாரம், அந்தப் பாகங்களையெல்லாம் நார்மனிடம் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

"அவனுக்குத் தெரியும், ஹேசல். வேற வாங்கி வெச்சிருந்தான். வண்டி எப்பவோ ரெடி."

"அப்புறம் ஏன் ஓட்டலை?"

"முடிஞ்சிட்டா நீ கராஜ் பக்கமே வரமாட்டியாம். திருட வந்தாலும், கூட உக்காந்து அரை மணி நேரம் தேடறியாம். உன் கைக்குச் சுலபமா வரட்டும்னு ஸ்க்ரூவை முறுக்காமலேயே வெப்பான்."