இறங்கி வந்த கொடுவா

காய்ச்சலில் வாய் கசந்து கிடந்த மனைவி, ஐஸ் படாத கொடுவா மீனில் குழம்பு வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவேன் என்று சொல்லி ஐந்து நாளாயிற்று. அணை கட்டாத ஆறு, கடலிலிருந்து கொடுவா மேலேறி வரும் என்று நம்பி மாட்டுத் தரகர் பிச்சாண்டி இன்றும் இடுப்பு நோகத் தூண்டில் நரம்பைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் சந்தையில் துண்டுக்கடியில் எதிராளியின் விரலை எண்ணி அமுக்கி விலை பேசிய வலது கை அது. உச்சிவெயிலில் மீன் மாட்டியது. விரலை மூன்று தரம் வெடுக்கென்று இழுத்தது, அவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. அப்புறம் களைத்துப்போய் ஒன்றே ஒன்று. விலை படிந்ததும் எதிராளியின் விரலை விடுவதுபோல் பிச்சாண்டி கையை விரித்துவிட்டார். நரம்பு மொத்தமும் தண்ணீருக்குள் ஓடிப்போனது.

"யோவ், கைக்கு வந்ததை ஏன்யா விட்டீரு?" பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த காசிம் ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இறங்கி வந்துட்டான், ராவுத்தரே. அதுக்கு மேல அமுக்கிப் பழக்கமில்ல."

"பேசி முடிச்சதும் உம்ம பின்னாலயே நடந்து வர, அதென்ன மாடா? வீட்ல அந்தம்மாவுக்கு என்னத்தக் குடுப்பீரு?"

பிச்சாண்டி ராவுத்தரிடம் வேறு நரம்பு வாங்கி, இறாலைக் குத்தி எறிந்தார். இந்தத் தடவை நரம்பை இடது கையில் சுற்றிக்கொண்டார். அந்தக் கை இதுவரை யாரிடமும் விலை பேசியதில்லை.