கப்பலில் வாடிய செடி

"அகிலா, அண்ணன் உள்ளதான இருக்காரு?"

வாசலில் பக்கத்து வீட்டு ஹமீது பாய். கையில் மறுபடியும் ஒரு தொட்டி. அதில் தலை தொங்கிப்போன ஒரு செம்பருத்தி.

அகிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்துதான பாய் ரோஜாவைத் தூக்கிட்டுப் போனீங்க? அதைத் தேத்த மாமா என்ன பாடு பட்டார்!"

"அது அச்சா ஆயிருச்சும்மா. இது மெயின்லேண்ட் கப்பல்ல வந்தது. வழியிலயே வாடிப்போச்சு. அண்ணே, தோடா கொஞ்சம் பாருங்களேன்!"

மாமா எழுந்து வந்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தொட்டியை வாங்கினார்.

மாமா என்றால் அகிலாவின் மாமனார் சண்முகம். இந்தத் தீவுக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீபாவளிக்கு முன்னால் அத்தை சுசீலா தவறியதிலிருந்து மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பேச்சில்லை. தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். மகன் ஸ்ரீதர் டாக்டரிடம் அழைத்துப் போனான். மாத்திரைக்குத் தூக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. இவரும் அத்தை பின்னாலேயே போய்விடுவாரோ என்று அகிலா பயந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போதுதான் பாய் முதல் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மாமா அதைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"அறிவிருக்கா பாய்? ஒரு செடியை இப்படியா காயப் போடுவே?"

மாதக்கணக்கில் கேட்காத குரல். அகிலா அடுப்படியில் நின்று அழுதாள்.

அதெல்லாம் சரி. ஆனால் பாய் இதையே வழக்கமாக்கிவிட்டார். வாடியதைக் கொண்டு வருவார். மாமா மண்ணைக் கிளறி, மீன் கழுவின தண்ணீர் ஊற்றி, வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றி வைத்து, அதோடு பேசிப் பேசி உயிர் கொடுப்பார். துளிர்த்து நாலு மொட்டு விட்டதும் பாய் வந்து அள்ளிக்கொண்டு போவார்.

குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் இந்த வீட்டுத் தண்ணீரில் அந்த வீட்டுச் செடி வளர்ந்தது.

"பாய் அபர்டீன் பஜார் கடையை மகன் ஆமிர்கிட்ட குடுத்துட்டார். வியாபார புத்தியைக் குடுக்கல போலிருக்கு" என்று ஸ்ரீதரிடம் பொரிந்தாள் அகிலா.

"விடேன். அப்பா பேசறார், சாப்பிடறார்."

"ஆசையா வளர்த்ததைப் பிடுங்கிட்டுப் போனா மனசு என்ன ஆகும்? ஏற்கெனவே பறிகொடுத்தவர்ங்க."

செம்பருத்தியும் பிழைத்துப் பூத்தது. பாய் வந்து தூக்கிப் போனார். வெறும் வராந்தாவைப் பார்த்தபடி மாமா நின்றதை அகிலாவால் தாங்க முடியவில்லை. இனிமேல் செடியோடு இந்தப் பக்கம் வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட நேராகப் பாய் வீட்டுக்குப் போனாள்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி லத்தீபாம்மா கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். போன அகிலா அசந்து நின்றாள். மல்லிகை, கனகாம்பரம், ரோஜா, சற்றுமுன் தூக்கிப் போன செம்பருத்தி. ஒரு இலை வாடவில்லை.

"இதெல்லாம் யார் வளர்க்கறாங்க?"

"நான்தான் புள்ள."

"அப்போ கப்பல்ல வந்து வாடிப்போற செடி?"

லத்தீபாம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"கப்பலாவது ஒண்ணாவது! நல்லா நிக்கிற செடியாப் பாத்து எடுத்து, அந்தா அந்தத் தகரக் கூரை மேல வெயில்ல வச்சிடுறாக. சொட்டுத் தண்ணி ஊத்த விட மாட்டாக. தலை தொங்குனதும் தூக்கிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு ஓட்டம். கேட்டா, 'நல்ல செடியக் குடுத்தா அண்ணன் திரும்பிப் பாக்க மாட்டாரு. சாகக் கெடக்குறதக் குடுத்தாத்தான் எந்திரிப்பாரு'ங்குறாக."

"பிழைச்சப்புறம் ஏன் திருப்பி வாங்கிடறார்?"

"எடம் காலியானாத்தான அடுத்ததக் குடுக்க முடியும்?"

அகிலா கூரையைப் பார்த்தாள். மேலே ஒரு நந்தியாவட்டை வதங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினாள். வெட்கமாக இருந்தது. பாயை என்னவெல்லாம் பேசிவிட்டோம்!

வராந்தாவில் மாமா நின்றிருந்தார்.

"பாய் வீட்டுக்கா போயிட்டு வர்றே? அடுத்து என்ன செடி வருதாம்?"

அகிலா தடுமாறினாள். "எனக்கெப்படி மாமா தெரியும்? கப்பல்ல எது வருதோ அதுதான்."

மாமா கடகடவென்று சிரித்தார். அத்தை போனபிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறாள்.

"எந்தக் கப்பல்? சென்னைக் கப்பல் ரிப்பேருக்குப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. சர்வீஸ் பூரா ஜெட்டியில நின்னவன்கிட்ட வந்து கப்பல் பேரைச் சொல்லிப் பொய் சொல்றான் பாரு!"

"தெரிஞ்சேவா மாமா? அப்புறம் ஏன் அவர் வந்தா மட்டும் முகத்தைத் தூக்கி வச்சுக்கறீங்க? 'எனக்குச் சரியாயிடுச்சு பாய்'னு சொன்னா எவ்வளவு சந்தோஷப்படுவார்!"

"ஐயோ, நீயும் சொல்லிடாதே." மாமா குரலைத் தாழ்த்தினார். "கடையைப் பையன்கிட்ட குடுத்துட்டு, காலையில எதுக்கு எந்திரிக்கிறதுன்னே தெரியாம கெடந்தவன்மா அவன். என்னைத் தேத்தறேன்னு கிளம்பினப்புறம்தான் அவனே தேறியிருக்கான்."