இருபத்து மூன்று படங்களின் அம்மா

சோபாவில் நடிகர் இலியாஸின் மனைவி, பக்கத்தில் அவர்களுடைய மகன், எதிரே சக்கர நாற்காலியில் ஜமீலா பேகம். லாகூர் படங்கள் இருபத்து மூன்றில் இலியாஸுக்கு அம்மாவாக நடித்தவர்; அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

“கராச்சி ஆஸ்பத்திரியில கிடக்கார், அக்கா. எங்க யாரையும் அடையாளம் தெரியல. உங்களைத்தான் அம்மான்னு நினைச்சிட்டிருக்கார், அம்மா சொன்னாத்தான் ஆபரேஷனாம். காதும் கேக்கல, எழுதிக் காட்டினா படிக்கிறார்,” என்றார் மனைவி.

“அந்தப் பாவிக்கு அம்மாவாக, முப்பது வயசுலயே தலைக்கு வெள்ளை பூசிக்கிட்டவ நான்!” என்று சிரித்தார் ஜமீலா.

முதலில் உருதுவில் நயமாக எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டார். படத்து அம்மாக்கள் இலியாஸை அதட்டியதெல்லாம் பஞ்சாபியில்தான்; அதிலேயே மீண்டும் எழுதினார்: ‘டேய், நான் இருக்கும்போது உனக்கென்னடா பயம்? சரின்னு சொல்லு.’ கீழே ‘உன் அம்மா’ என்றெழுதி உறையை ஒட்டினார்.

“ஓடுடா பேராண்டி, விமானத்தைப் பிடி,” என்று நரைதட்டிய அந்த மகனிடம் நீட்டினார்.