எதிர்வீட்டுப் பெட்டிங்க

"ஒண்ணும் பார்க்கல. எதிர்வீட்டுல எத்தனை பெட்டி இருக்குன்னு எண்ணுறேன், அவ்வளோதான்."

"நேத்தும் எண்ணுனீங்க. அதுக்குள்ள குட்டியா போட்டிருக்கும்?" நவமணி சாய்வு நாற்காலியில கிடந்தபடியே கேட்டா.

"முப்பத்திரண்டு. கூரையத் தொடுது. நம்ம வீட்டுல ஒம்பது."

அர்ச்சுனன் சன்னலை விட்டு நகரல.

பெட்டிக்குள்ள இருக்கிறது மருந்துத் தண்ணி. நவமணியோட கிட்னி வேலைய நிறுத்தி மூணு வருசம் ஆச்சு. வயித்துல வெச்சிருக்கிற குழாய் வழியா ஒரு பை தண்ணிய உள்ள இறக்கி, சில மணி நேரம் கழிச்சு வடிச்சு எடுக்கணும். ஒரு நாளைக்கு நாலு பை. பெட்டிக்கு நாலு பை. ஆக, ஒரு பெட்டி ஒரு நாள் உசுரு.

எதிர்வீட்டு மாயாண்டிக்கும் அதே வியாதி, அதே பை, ஈப்போவுல அதே ஆஸ்பத்திரி. அர்ச்சுனனும் மாயாண்டியும் பால் வெட்டுன ரப்பர் தோட்டத்த முதலாளி வித்தப்ப, ரெண்டு பேருக்கும் கிடைச்ச வீடும் எதிரெதிரே.

"அமெரிக்காவுல புயல் அடிச்சா, அங்க கூரை பறக்கட்டும். இங்க ஏன் நம்ம தண்ணி நிக்குது?" அர்ச்சுனன் கேட்டான்.

"பை செய்யுற ஃபேக்டரிக்குள்ள வெள்ளம் பூந்துருச்சாம். நர்ஸ் மிஸ்ஸிதான் சொன்னாங்கல்ல, உலகம் பூரா தட்டுப்பாடுன்னு."

"அப்ப மாயாண்டிக்கு மட்டும் எந்த உலகத்துலருந்து வருது?"



ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, இனிமே எல்லாருக்கும் பாதிதான்னு. ரெண்டு பையில ஓட்டுனா நவமணிக்குக் கால் வீங்கிடும், மூச்சு வாங்கும். மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ண அவ இதயம் தாங்காதுன்னும் டாக்டர் கைய விரிச்சிட்டாரு. அர்ச்சுனன் நேரா போயி கவுண்டர் மேசையத் தட்டுனான். மறுவாரமே லோரி வந்து முழுப் பங்கையும் இறக்கிட்டுப் போச்சு.

அன்னைலருந்து அவன் மேசை தட்டுன கதையச் சொல்லாத சாப்பாட்டுக் கடை இல்ல. கடைக்குக் கடை மேசையும் கொஞ்சம் பெருசாயிட்டே வந்துச்சு.

இப்ப, அடுத்த கப்பல் வர இன்னும் மூணு வாரம் ஆகும்னு மெசேஜ் வந்திருக்கு. வீட்டுல ஒம்பது பெட்டி.

"தட்டுன எனக்கு ஒம்பது. தட்டாத அவனுக்கு முப்பத்திரண்டு!"

"சாபார் லா, கொஞ்சம் பொறுங்க. அவரும் நோயாளிதானே?"

"உனக்குத் தெரியாது. தோட்டத்துலயும் இதே கதைதான். நல்லா பால் வர்ற நெரை பூரா மாயாண்டிக்கு. மேட்டுல நிக்கிற கெழட்டு மரம் பூரா எனக்கு. அன்னைக்குக் கங்காணிக்குப் போட்ட சொக்குப்பொடிய இன்னைக்கு மிஸ்ஸிக்குப் போட்டுட்டான்."

"இப்ப எங்க கிளம்புறீங்க?"

"பத்துப் பெட்டி கேக்கப் போறேன். குடுத்தா மனுஷன். குடுக்கலன்னா தூக்கிட்டு வந்துருவேன்."

எதிர்வீட்டு வாசல்ல மாயாண்டி பொஞ்சாதி விமலா துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா.

"வாங்கண்ணே. அவரு வீட்டுல இல்லியே."

"அவரு எதுக்கு? பெட்டி இருக்குல்ல. விமலா, சுத்தி வளைக்காம கேக்குறேன். நவமணிக்கு ஒம்பது நாளைக்குத்தான் இருக்கு. நீங்க கடை வைக்கிற அளவுக்கு அடுக்கி வெச்சிருக்கீங்க. இது நியாயமா?"

விமலா கையில இருந்த சட்டைய உதறவும் இல்ல, கொடியில போடவும் இல்ல. அர்ச்சுனன் முன் வராந்தாவுல இருந்த பெட்டி அடுக்குக்கிட்ட போனான்.

"அண்ணே, வேணாம். அதத் தொடாதீங்க!"

அவ தடுத்தது அவனுக்கு இன்னும் கோவத்த ஏத்திவிட்டுச்சு. பெட்டி பத்து கிலோ. மூணு வருசமா தூக்கிப் பழகுன கை. முட்டிய மடக்கி, மூச்ச இழுத்துப் புடிச்சு, ஒரே தூக்கு.

பெட்டி தலைக்கு மேல பறந்துச்சு. அர்ச்சுனன் பின்னால போயி, சுவத்தோரமா தரையில உக்காந்தான். மேல இருந்த அஞ்சாறு பெட்டிங்க அவன் மடியிலயே விழுந்துச்சு. வலிக்கல. எல்லாம் வாய்க்கு டேப் ஒட்டுன காலிப் பெட்டி.

"தண்ணி எங்க?"

"உங்க வீட்டுலதாண்ணே."

அர்ச்சுனன் மடியில கிடந்த பெட்டிய ஒதுக்கிவிட்டான்.

"அவரு மிஷினுக்கு மாறி ரெண்டு மாசமாச்சு. கழுத்துல குழாய் போட்டு, வாரத்துக்கு மூணு நாள் பஸ் ஏறிப் போயிட்டு வாராரு. 'நான் மிஷின் தாங்குவேன், எதிர்வீட்டுத் தங்கச்சி தாங்காது, என் பங்க அங்க இறக்குங்க'ன்னு மிஸ்ஸிகிட்ட அவருதான் சொன்னாரு. வெள்ளிக்கிழமை அவரு பங்கோட வர்ற லோரியும் உங்க வாசல்லதான் நிக்கும். கப்பல் வர்ற வரைக்கும் தாங்குமாம்."

"அப்ப இந்தக் காலிப் பெட்டிய எதுக்கு..."

விமலா தயங்குனா.

"'பெட்டியில்லன்னா அர்ச்சுனன் கண்டுபுடிச்சிருவான். ரோஷப்பட்டு எல்லாத்தையும் திருப்பி அனுப்பிருவான். அவன் பொறாமையே படட்டும், அந்தப் புள்ள பொழைச்சுக்கும்'னு சொன்னாரு."

அர்ச்சுனன் எந்திரிச்சான். விழுந்த பெட்டிங்கள ஒண்ணொண்ணா எடுத்து, முன்ன இருந்த மாதிரியே கூரை வரைக்கும் அடுக்குனான்.

"மாயாண்டி வந்தா, நான் வந்து நல்லா சண்டை போட்டுட்டுப் போனேன்னு மட்டும் சொல்லு, விமலா. வேற ஒண்ணும் சொல்லாத."

"ஏங்க! தண்ணி மாத்துற நேரமாச்சு, வாங்க!" எதிர்ல இருந்து நவமணி கூப்பிட்டா.

"வாரேன்"னு அர்ச்சுனன் கிளம்பிப் போனான்.