அடைமுட்டை

தையல்காரர் நெஞ்சை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, மேஸ்திரி வீட்டின் பின்பக்கத்திலிருந்து மெல்ல வந்தார். கண் கலங்கியிருந்தது. உதடு துடித்தது.

"பாவம், சின்ன வயசுல இருந்து ஒண்ணா வளந்தவங்க," என்றார் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஒருவர். "உசுருக்கு உசுரு. எப்படித் தாங்குவார் மனுஷன்?"

கூடத்தில் மேஸ்திரி கண்மூடிக் கிடந்தார். தையல்காரரால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. அவருடைய சட்டைக்குள், அடைக்கோழியின் சூடு ஆறாத ஐந்து முட்டைகள் இருந்தன.

சட்டையின் உள்பையை அவர்தான் தைத்திருந்தார். மெத்தென்ற துணி கொடுத்து, முட்டை ஒன்றோடொன்று மோதாதபடி நடுவில் தையல் ஓட்டி. சிநேகிதர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதே தைத்தாயிற்று. இன்று காலை அந்தச் சட்டையை மாட்டும்போதுகூட, 'எடுக்கவா போகிறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மேஸ்திரியின் கோழிகள் பழைய பெருஞ்சாதி. சேவல் நிமிர்ந்து நின்றால் கொண்டை ஆள் தொடையைத் தொடும்; கால் விரல்வரை இறகு மூடியிருக்கும். ஒரு காலத்தில் அதே மாதிரிக் கோழிகளைத் தையல்காரரின் அம்மாவும் வளர்த்தார். அம்மா போன மறுவாரமே நோய் வந்து எல்லாம் கூண்டோடு போயிற்று. பிறகுதான் மேஸ்திரி வீட்டில் இவை நடமாட ஆரம்பித்தன. ஏதோ தூரத்துச் சந்தையில் பிடித்ததாகச் சொன்னார்.

அடை வைக்க முட்டை கேட்டு யார் வந்தாலும் மேஸ்திரி கொடுப்பார். தையல்காரர் கேட்டால் மட்டும் தரையைப் பார்ப்பார். "இந்த அடை போகட்டும்டா, பாக்கலாம்." அடுத்த அடைக்கும் அதே பதில்தான். கேட்டுக் கேட்டு நாக்குக் கூசி, தையல்காரர் கேட்பதையே விட்டுவிட்டார்.

ஆனால் இன்று மேஸ்திரியின் மகன் போனில் கறிக்கடைக்காரரிடம் பேசியது காதில் விழுந்தது. "எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருங்கண்ணே. சாயங்காலம் வண்டியோட வாங்க. இனிமே இதுங்களக் கட்டிக்கிட்டு யாரு மாரடிக்கிறது?"

அவ்வளவுதான். கால் தானாகக் கோழிக் கொட்டகைப் பக்கம் போயிற்று. அடைக்கோழி கொத்திய கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு இப்போது வெளியே போகப் பார்க்கிறார்.

"மாமா! நம்மளத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டாரே!" மேஸ்திரியின் மச்சினர் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். ஆள் நெல்லு மூட்டை மாதிரி இருப்பார்.

தையல்காரர் பின்னால் நகர்ந்தார். சுவர் இடித்தது. மச்சினர் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சட்டைக்குள் 'பொடுக்' என்றது. வயிற்றின் மேல் வெதுவெதுப்பாக வழிந்தது. தையல்காரர் விம்மி அழுதுவிட்டார்.

"நல்லா அழுங்க மாமா. அழுதாத்தான் பாரம் குறையும்," என்று முதுகைத் தட்டினார் மச்சினர்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க." மேஸ்திரியின் மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கண் சட்டையின் மஞ்சள் ஈரத்தின் மேல் இருந்தது.

அடுக்களைக்குள் போனதும் அவர் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, என்னைச் செருப்பால அடி. பொணம் கெடக்குற வீட்ல திருடின நாயி நான்."

"மெதுவாப் பேசுங்க. வெளிய கேக்கும்."

அந்த அம்மாள் ஒரு தூக்குவாளியில் தவிட்டைக் கொட்டினார். தையல்காரர் எடுத்துக் கொடுத்த முட்டைகளை வாங்கி, கூர்முனை கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாகப் புதைத்தார். உடைந்ததைத் துணியில் வழித்து எடுத்தார். ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதுதான் தையல்காரரைக் கொன்றது.

"திரும்ப அடையிலேயே வச்சிர்றேன்மா. உன் மகன்கிட்ட மட்டும் சொல்லிராத. என் சிநேகிதனைக் கடைசியா ஒரு தடவை கும்புடக்கூட எனக்கு யோக்கியதை இல்லாமப் போச்சே."

தூக்குவாளியை அவர் கையிலேயே திணித்தார் அந்த அம்மாள். "பின்வாசல் வழியாப் போங்க. வண்டி வர்றதுக்குள்ள சேவலையும் ரெண்டு பொட்டையையும் உங்க வீட்டுக்கு அனுப்பிர்றேன். மகன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

தையல்காரருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

"வேணாம்மா. அவன் உசுரோட இருந்தவரைக்கும் எனக்கு ஒரு முட்டை குடுத்ததில்ல. அவன் மனசுக்குப் பிடிக்காததை நீ செய்யாத."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் அவர்தான் என்பது போல.

"உங்க மூஞ்சியப் பாத்து எப்படிண்ணே குடுப்பார்? உங்க அம்மா செத்தன்னிக்கு, அவரும் உங்க வீட்டு முட்டைய இப்படித்தான் சட்டைக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தார்."