சிவப்பு மையில் இரண்டு வார்த்தைகள்

குருவிக்கு நடந்தது பச்சை அநியாயம். அப்பா ஐசியூவில் கிடக்கிறார் என்று அவள் எழுதிக் கொடுத்த லீவு லெட்டரில், எங்கள் இங்கிலீஷ் புரொபசர் பிழை திருத்திக்கொண்டிருந்தார்!

நான் அவர் அறைக்குள் நுழைகிறேன். ரிசீவரை வைத்த கையோடு சிவப்புப் பேனாவை எடுத்தார். 'ஃபாதர் இஸ் வெரி சீரியஸ்லி சிக்' என்ற வரியில் 'வெரி', 'சீரியஸ்லி' இரண்டின் மேலும் சர்ரென்று ஒரே கோடு.

குருவி என் ரூம்மேட். காலையில் அம்மாவிடமிருந்து போன் வந்ததும் ஆடிப்போய்விட்டாள். அடுத்த போனில் என்ன வருமோ என்று பயந்து செல்லையே அணைத்துவிட்டாள். லெட்டரை இவர் மேஜையில் வைத்துவிட்டுத் துணிமணி எடுக்க ஹாஸ்டலுக்கு ஓடினாள். கையெழுத்து வாங்க நான் வந்தேன்.

இதோ, பையும் கையுமாக அவளும் என் பின்னால் வந்து நிற்கிறாள். கோட்டைப் பார்த்துவிட்டாள்.

வகுப்பிலும் இவர் இப்படித்தான். 'வெரி குட்' என்று எழுதினால், "குட்டுக்கு எதுக்கும்மா ஒட்டுமீசை?" என்பார். 'எக்ஸ்ட்ரீம்லி' வந்தால், "ஓகோ, தாடியும் உண்டா?" நாங்களும் சிரிப்போம்.

ஆனால் இது வகுப்பா?

"சார், இது கட்டுரை இல்ல!"

"அதில்லம்மா, நான் இப்பதான்..."

"ஒருத்தி அழுதுக்கிட்டே எழுதியிருக்கா. அதுல போய் ஒட்டுமீசை தேடுறீங்களே!"

"என்னைக் கொஞ்சம் பேச விடேன்."

"சீரியஸா இருந்தா சீரியஸ்னுதான் சார் எழுத முடியும். உங்க அப்பாவா இருந்தா இப்படி அடிப்பீங்களா?"

"விடுடி." குருவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர் எப்படி வேணா திருத்திக்கட்டும். கையெழுத்து கிடைச்சாப் போதும். பஸ் போயிடும்."

அப்போதுதான் கவனித்தேன். லெட்டரின் கீழே அவர் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

புரொபசர் பேனாவை மூடினார். நான் ஒருத்தி அங்கே நிற்பதையே மறந்தவர் மாதிரி, அவளை மட்டும் பார்த்துப் பேசினார்.

"உன் போன் கிடைக்கலைன்னு உங்கம்மா தவிச்சுப்போய் இங்க கூப்பிட்டாங்க. இப்பதான் பேசி வச்சேன். அப்பா கண்ணு முழிச்சுட்டாராம். வார்டுக்கு மாத்திட்டாங்களாம். உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காராம். நீ நிதானமா போயிட்டு வா. அந்த ரெண்டு வார்த்தையும் இனிமே தேவையில்லம்மா."