வலது கன்னம்

"அறைஞ்சா மறு கன்னத்தைக் காட்டுன்னு இயேசு சொன்னது ஒரே பேச்சுதான். ஆனா மத்தேயு வலது கன்னம்னு எழுதியிருக்கார். லூக்கா வெறும் கன்னம்னு எழுதியிருக்கார். எது சரி?"

வேத வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள் தையல்காரி. பாடம் நடத்தும் போதகர் அவள் அக்காவின் புருஷன். முன்வரிசையில் அக்கா, பல்வலி என்று சொல்லி, வலது கன்னத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கன்னமா இருந்தா என்ன? மறு கன்னத்தைக் காட்டணும், அவ்வளவுதான்," என்றார் போதகர்.

"எதிர்ல நிக்கறவன் வலது கையால அறைஞ்சா இடது கன்னத்துலதானே விழும் அத்தான்? அப்ப மத்தேயு எழுதினது தப்பா?"

அவர் முகம் சிவந்தது. "துணியில பிசிறு தேடற மாதிரி வேதத்துலயும் தேட வந்துட்டியா? அறைஞ்சவன் இடதுகைக்காரனா இருந்திருப்பான். போதுமா? உட்காரு!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"போதும் அத்தான். இப்ப சொன்னதை அப்படியே போர்டுல எழுதிடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் வெடுக்கென்று திரும்பி, சாக்பீஸை எடுத்து எழுதத் தொடங்கினார். நாலு எழுத்து எழுதுவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. அக்கா கைக்குட்டையை மெல்ல மடியில் இறக்கினாள். வீங்கிய கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

போதகர் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார்.